தலைவரை நூறு தடவை எழுதச் சொன்னது தொடர்பாக

அனுப்புநர்: செல்போன் பொறுப்பாளர் (தற்காலிகம், சம்பளம் கிடையாது), வரைபட அறை, மாடிப்படிக்குக் கீழே.

பெறுநர்: பொறுப்புத் தலைமையாசிரியை அவர்கள், தலைமையாசிரியர் அறை. (மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் நம் வீட்டுச் சமையலறை.)

அன்புள்ள மருமகளுக்கு, மன்னிக்கவும், மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் கணவரும், அதாவது என் மகனும், நலமாக இருப்பதை இன்று காலை சாப்பாட்டு மேசையில் நேரிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் நலம். காபி டம்ளருக்கு அடியில் தாங்கள் வைத்திருந்த மெமோ கிடைத்தது. காபி சிந்திவிட்டதால் மூன்றாவது வரி மட்டும் சரியாகத் தெரியவில்லை. மற்ற வரிகளை வைத்துப் பார்க்கும்போது அதுவும் கோபமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டில் என்னை 'மாமா' என்கிறீர்கள், பள்ளியில் 'சார்' என்கிறீர்கள், மெமோவில் 'மேற்படி நபர்' என்று இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்துதான் இந்த விளக்கத்தை எழுதுகிறோம். "என்ன சொல்றதா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் ஸ்கூட்டரைக் கிளப்பினீர்கள். பின் இருக்கையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். வழியில் வேகத்தடை வந்தபோது மட்டும் "பிடிச்சுக்குங்க" என்றீர்கள். அதற்கு என் நன்றி.

நிலைமையின் தீவிரம் எனக்குப் புரியாமல் இல்லை. நாளை காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. பள்ளி நேரத்தில் மாணவர்கள் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று தாங்கள் கொண்டுவந்த ஒரு மாதச் சோதனை விதி தொடருமா, கைவிடப்படுமா என்பது அங்கே முடிவாகும். தங்கள் பதவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பொறுப்பு' என்ற சொல்லை எடுப்பதா, தங்களையே எடுத்துவிடுவதா என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் குழுத் தலைவர். அந்தத் தலைவரைத்தான் நேற்று நான் நூறு தடவை இம்போசிஷன் எழுதி வரச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். தயவுசெய்து பொறுமையாகப் படிக்கவும்.

முப்பத்துநான்கு வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, ஏழு வருஷமாக வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்கு அழைத்தது தாங்கள்தான். "ரொம்ப சிம்பிள் மாமா. காலையில போனை வாங்கி வைக்கணும், சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும், அவ்ளோதான்" என்றீர்கள். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும், அவ்வளவுதான் என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அடுப்பு, பாத்திரம், கையைச் சுட்டுக்கொள்ளும் மாணவன் எல்லாம் அதற்குப் பிறகு வருவது. பழைய விடைத்தாள் அலமாரியில் இருநூற்று நாற்பது கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டினேன். அட்டையில் டோக்கன் வெட்டினேன். முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இவ்வளவு நல்ல பிள்ளைகளையா குறை சொல்கிறார்கள் என்று அன்று சாயங்காலம் தங்களிடமே சொன்னேன். தாங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நூற்றுப்பதினேழாம் எண் கட்டத்திலிருந்து எலுமிச்சை வாசனை வந்தது. ஒரு பையன் போன் என்று போட்டுக் கொடுத்திருந்த கவரைப் பிரித்தால் சோப்பு டப்பா. எடை சரியாக இருக்க வேண்டும் என்று உள்ளே சோப்பையும் வைத்திருந்தான். இயற்பியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அது பிடித்திருந்தது. அவனைக் கூப்பிட்டேன்.

"இது என்னப்பா?"

"சோப்பு சார்."

"போன் எங்கே?"

"எனக்குப் போனே இல்ல சார்."

"இல்லேன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே? எதுக்கு சோப்பைக் கொண்டுவந்து குடுக்கறே?"

"எல்லாரும் வரிசையில நிக்கறாங்க சார். நான் மட்டும் நிக்கலைன்னா எங்கிட்ட இல்லேன்னு தெரிஞ்சிடும்ல."

டோக்கனை அவனிடமே திருப்பிக் கொடுத்து, சோப்பைப் பழைய இடத்திலேயே வைத்தேன். இன்றுவரை காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு சோப்பினால் எனக்குச் சந்தேகம் வந்து, மற்றக் கட்டங்களையும் சோதித்தேன். அப்பாவின் செத்துப்போன பழைய போன் பதினாறு, கால்குலேட்டர் ஒன்பது, தொலைக்காட்சி ரிமோட் மூன்று, வண்ணத்தாள் ஒட்டிய மரக்கட்டை இரண்டு. இவர்களுடைய நிஜப் போன்கள் எல்லாம் காலுறைக்குள் இருந்தன. அதனால்தான் ஒரு விதி போட்டேன்: போனை அணைக்காமல், மணிச்சத்தத்தை முழுதாக வைத்து, என் கண் முன்னால் ஒரு தடவை ஒலிக்கவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மரக்கட்டை ஒலிக்காது அல்லவா? (நூற்றுப்பதினேழுக்கு மட்டும் விலக்கு. அது தங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.) விதி பிரமாதமாக வேலை செய்தது. காலுறைகள் காலியாயின. ஆனால் இருநூறு போன்கள் முழுச் சத்தத்தோடு ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒலி எப்படிப் பரவுகிறது என்று முப்பத்துநான்கு வருஷம் பாடம் நடத்தியவன், அதை யோசிக்கவில்லை.

மறுநாள் பத்து நாற்பதுக்கு முதல் மணி அடித்தது. குழந்தை சிரிக்கிற மாதிரி ஒரு மணிச்சத்தம். பக்கத்து அறையில் ஏழாம் வகுப்புக்குத் தேர்வு. ஒரு போன் நிற்பதற்குள் இன்னொன்று, அது குதிரை. அதன் பிறகு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுத் தேர்வு மேற்பார்வையாளர் வாசலுக்கு ஓடினார், அவர் ஓடிய நேரத்தில் ஏழாம் வகுப்பு விடைகளைப் பரிமாறிக்கொண்டது. அணைக்கலாம் என்றால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பூட்டு எண்ணைக் கேட்கிறது. சத்தத்தை நிறுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எடுத்துப் பேசிவிடுவது.

"கண்ணு, சாப்பிட்டியா?" என்றது ஓர் அம்மாவின் குரல்.

"இன்னும் இல்லைம்மா. பதினொண்ணுகூட ஆகலையே."

"குரல் ஏன்டா இப்படி இருக்கு? தொண்டை கட்டிடுச்சா?"

"அறுபத்தஞ்சு வயசும்மா. இப்படித்தான் இருக்கும்."

நான் யார், பையன் எங்கே, போன் எங்கே என்று விளக்கினேன். அந்த அம்மா நிம்மதியாகப் போனை வைத்தார். அதுதான் தப்பாகப் போய்விட்டது. "போன் பண்ணுனா ஒரு பெரியவர் எடுக்கறார், பொறுமையா பதில் சொல்றார்" என்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த அழைப்புகள் அறுபத்துமூன்று. இதில் ஒரு விஷயத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும். போன் இல்லாமல் இருக்க மாணவர்கள் மூன்றே நாளில் பழகிவிட்டார்கள். இடைவேளையில் சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவன் முதுகில் ஒருவன் காகிதம் ஒட்டுகிறான். பழகாதவர்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். ஒரு தையல்காரம்மா நீல நூல்கண்டை எங்கே வைத்தாய் என்று மகளைக் கேட்கிறார். ஓர் அப்பா தன் புதுப் புகைப்படம் நன்றாக இருக்கிறதா என்று எட்டாவது படிக்கும் மகனிடம் அபிப்பிராயம் கேட்கிறார். வேறொருவர் எதையும் கேட்கவில்லை. "சும்மாதான் சார், போர் அடிச்சுது" என்றார். காலை பத்தேகாலுக்கு, தன் கடையில், வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போது.

நான் பொறுமையான ஆள் என்பது தங்களுக்குத் தெரியும். தங்கள் கல்யாணத்தன்று வீடியோக்காரர் என்னை ஒரே படியில் ஏழு தடவை ஏறி இறங்க வைத்தபோதுகூட ஒரு வார்த்தை பேசாதவன். ஆனால் ஒரு லேத் பட்டறைக்காரர் ஒரே பீரியடில் நான்காவது முறை கூப்பிட்டபோது, நான் யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது.

"'நான் பள்ளி நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட மாட்டேன்.' நாளைக்கு நூறு தடவை எழுதிட்டு வாங்க."

மறுபக்கம் அவர் லேத்தை நிறுத்துகிற ஓசை கேட்டது. வேலை போச்சு, மருமகள் மானம் போச்சு என்று நினைத்தேன். அப்போது அவர் கேட்டார்: "கோடு போட்ட நோட்டா சார், போடாததா?"

மறுநாள் காலை எண்ணெய்க் கறையோடு நோட்டைக் கொண்டுவந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் திருத்தி முடிக்கும்வரை நின்றார். ஐம்பது வயது மனிதர். தாங்களே சொல்லுங்கள், இவ்வளவு நல்ல மருந்து கையில் கிடைத்தால் எந்த ஆசிரியர்தான் அதை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பார்? இரண்டு வாரத்தில் பதினான்கு பேர் எழுதினார்கள். தையல்காரம்மா சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டு எழுதியிருந்தார், 'மிக நன்று' போட்டேன். ஒரு டாக்டரின் நோட்டில் என்ன இருக்கிறது என்று மருந்துக் கடைக்காரரிடம் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். புகைப்படக்கார அப்பா 'நான்' என்பதை மட்டும் மேலிருந்து கீழாக நூறு தடவை எழுதிவிட்டு, அப்புறம் 'பள்ளி' என்று பக்கத்தில் இறக்கிக்கொண்டே போயிருந்தார். இந்தத் தந்திரத்தை இவர் வயதில் பாதி இருக்கும்போதே நான் பிடித்தவன். திருப்பி அனுப்பினேன். அழைப்புகள் அறுபத்துமூன்றிலிருந்து ஒன்பதாகக் குறைந்தன. இதை ஒரு வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் கூட்டத்தில் தங்களுக்கு உதவும் என்றுதான் போட்டேன்.

இனி நேற்று நடந்தது. மூன்றாவது பீரியட். நாற்பத்தேழாம் எண் கட்டம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் போன். மணி அடித்தது, எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் வீட்டாரின் எண்களை எந்தெந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாது. 'அம்மா', 'அம்மா புது நம்பர்' என்பதெல்லாம் சாது. 'வீட்டு போலீஸ்' என்று உண்டு. 'பணம் கேட்க மட்டும்' என்று உண்டு. இந்தத் திரையில் 'எடுக்காதே' என்று இருந்தது. யாரோ வேண்டாத ஆள், அந்தப் பெண் யோசித்துத்தான் வைத்திருப்பாள் என்று நானும் எடுக்கவில்லை. மொத்தம் எட்டு தடவை எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவை பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்ததால் எடுத்தேன்.

"ஏன் எடுக்கல? எத்தனை வாட்டி அடிக்கறது? டிவி ரிமோட்டை எங்க வச்சே?"

"வணக்கம். நான் அலமாரியிலிருந்து பேசறேன்" என்றேன். அவசரத்தில் அப்படித்தான் வந்தது.

"யாருய்யா நீ? என் பொண்ணு போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"பொண்ணு வகுப்பில இருக்கா. நீங்க பள்ளி நேரத்துல ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கீங்க. ஒரு உதாரணம் சொல்றேன். நீங்க ஒரு கூட்டத்துல தலைமை வகிச்சுப் பேசிட்டிருக்கீங்க. அப்ப உங்க பொண்ணு ஒன்பது தடவை உள்ள வந்து..."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியலைங்க. போன்ல 'எடுக்காதே'ன்னு போட்டிருக்கு."

"என் பேரை அப்படியா வச்சிருக்கா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். திருந்துகிற நேரம் வந்துவிட்டது, இப்போது கொடுத்தால்தான் மனதில் நிற்கும் என்று எனக்குள் இருந்த ஆசிரியர் நினைத்துவிட்டார். நூறு தடவை என்று சொல்லி, கோடு போட்ட நோட்டு என்பதையும் நானே சொல்லிவிட்டு வைத்தேன். பத்து நிமிஷத்தில் தாங்கள் மாடிப்படி இறங்கி வந்தீர்கள். அந்த நேரத்தில் என் வலது காதில் ஒரு போனும் இடது காதில் ஒரு போனும் இருந்ததை மறுக்கவில்லை. "மாமா, நீங்க யார்கிட்ட பேசினீங்க தெரியுமா?" என்று தாங்கள் கேட்டபோது இரண்டு பக்கத்து அம்மாக்களும், "யார்கிட்ட சார்?" என்று ஆவலாகக் கேட்டார்கள்.

ஆகையால் நான் இதன்மூலம் ஒப்புக்கொள்வது என்னவென்றால், தவறு முழுவதும் என்னுடையது. விதி நல்ல விதி, அதைக் கொண்டுவந்தவர் நல்லவர், பொறுப்பாளன்தான் சரியில்லை. நாளை கூட்டத்தில் அப்படியே சொல்லிவிடவும். "கிழவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டேன்" என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை, 'கிழவன்' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் போதும். இன்று மாலை மணி அடித்ததும் பதவி விலகுகிறேன். இனிமேல் எந்தப் பெற்றோருக்கும், எக்காரணம் கொண்டும், இம்போசிஷன் கொடுக்க மாட்டேன். மற்றவர் போனைத் தொட மாட்டேன். தலைவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன். நீ இந்தப் பள்ளிக்காக எத்தனை நாள் ராத்திரிச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும்மா. அது என் வாயால் வீணாகப் போகக் கூடாது. மன்னிக்கவும், 'நீ' என்று எழுதிவிட்டேன். 'தாங்கள்' என்று திருத்திப் படிக்கவும்.

தாங்கள் நினைத்த காரியம் நினைத்தபடி நடக்கட்டும். ஸ்கூட்டரில் பெட்ரோல் குறையாமல் இருக்கட்டும். என் மகனுக்கு என் ஆசிகள். சமாதானம் பேச வேண்டிய நேரத்தில் குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம் இருப்பதை அவன் குறைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மேற்படி நபர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் நிழல் விழுந்தது. தலைவர். கையில் நோட்டு. மேலே எழுதியபடி மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் நோட்டை நீட்டினார், நான் வாங்கினேன், வாங்கியதும் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. நாற்பது வரை ஒரு கையெழுத்து. நாற்பத்தொன்றிலிருந்து குண்டு குண்டாக வேறு கையெழுத்து.

"இது யார் எழுதினது?"

"டிரைவர்."

"டிரைவரா ஒன்பது தடவை போன் பண்ணார்?"

"இல்ல சார்."

"உட்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போலக் கையை நீட்டினேன், தன் போனையும் கொடுத்துவிட்டார். இருநூற்றுப் பதிமூன்றாம் எண் கட்டத்தில் வைத்து டோக்கன் கொடுத்தேன். மிச்சம் அறுபது வரியையும் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு எழுதினார். கடைசி மணி அடித்து அவருடைய மகள் டோக்கனோடு வந்தபோது, "அப்பா, இங்க என்ன பண்றீங்க?" என்றாள். "இரு, இன்னும் ஏழு இருக்கு" என்றார். அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எழுதி முடித்து எழுந்தவர், "நாளைக்குக் கையெழுத்துப் போடறேன் சார், ரெண்டு விஷயத்துக்கும். ஆனா நீங்க இங்கேயே இருக்கணும். அப்புறம், நான் உட்கார்ந்து எழுதினதை அந்த மேடம்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே இதைப் படித்ததும் மறந்துவிடவும். பதவி விலகலையும் மறந்துவிடவும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் போனுக்குப் பத்தொன்பது அழைப்புகள் வந்தன. பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்பதால் நான்தான் எடுத்தேன். பதினான்காவது அழைப்பு தங்களுடையது. "ஐயா, எங்க மாமா பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. அவர் இல்லைன்னா இந்த ஒரு மாசம் ஓடியிருக்காது. யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். தாங்களும் குரலை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நன்றாகத்தான் இருந்தது, கேட்பதற்கு. ஆனால் அது ஆறாவது பீரியட். பள்ளி நேரம். செல்போன்.

நூறு தடவை, திங்கட்கிழமை காலைக்குள். என் மகனிடம் கொடுத்து எழுத வைக்க வேண்டாம், அவன் கையெழுத்து எனக்குத் தெரியும்.